மீட்டவர் கையொப்பம்

கூட்டுறவு வங்கி, குளச்சல் கிளை,
நகைக்கடன் பிரிவில் பதினாறு வருசம்.
என் பேரேட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு
மீட்டவர் கையொப்பம்.
ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது
அந்த வார்த்தையைத் தொடுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை பூசையில் அது வரும்போது
கை தானாக ரப்பர் முத்திரையைத் தேடும்.

பக்கத்து மேசை கிறிஸ்டோபெல் நெய்யூர்க்காரி.
அவள் சபையில் அதற்கு இரட்சிப்பு என்று பேர்.
ரட்சிக்கப்பட்டாச்சா என்று கேட்பாள்,
சாப்பிட்டாச்சா என்பதுபோல.
மேலாளர் சுசீந்திரத்துக்காரர்; அவருக்கு அது வீடு.
விடு என்பதுதான் நீண்டு வீடாயிற்று என்பார்.
சொன்ன கையோடு
வீட்டுக்கடன் தவணை தவறியவர்களுக்குச்
சிவப்பு மையில் கடிதம் போடுவார்.

போன தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்த சாமியார்
எபிரேயம் படித்தவர்.
யாஷா என்று பலகையில் எழுதினார்.
அந்த வேருக்கு இப்படியும் பொருள் சொல்வதுண்டாம்:
நெருக்கத்திலிருந்து விசாலத்துக்குக் கொண்டுவருவது.
லத்தீனில் கேட்டால் முழுசாக இருப்பது, நோவில்லாமல்.
கைகளை விரித்துக் காட்டினார்.
அவருக்குப் பின்னால் சன்னலில் கடல்.

தூண் ஓரத்திலிருந்து ததேயுஸ் எழும்பினான்.
"சாமி, விசாலம் நான் கண்டதாக்கும்.
மூணு ராத்திரி.
நாலு பக்கமும் விசாலம், அடியிலயும் விசாலம்.
கன்னாசுக்க கைப்பிடி நாலு விரல் அகலம்.
எனக்கு அதுதான்."
உட்கார்ந்துவிட்டான்.
சாமியார் பலகையை அழிக்கவில்லை,
மேற்கொண்டு எழுதவும் இல்லை.

அந்த மூன்று ராத்திரியின் கணக்கு என்னிடம் இருக்கிறது.
காற்று அடங்காத வெள்ளிக்கிழமை, பத்தே காலுக்கு,
தேடப்போகிற படகுக்கு டீசல் வேண்டுமென்று
பிலோமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள்.
இருபது கிராம்.
அவளுக்குப் பின்னால் ஆஞ்சலா,
கம்மல் ஒரு ஜோடி, ஆறு கிராம் நூறு மில்லி.
தராசில் போடும்போது அதில் காதின் சூடு இருந்தது.
இரண்டு பேர் டீசலும் ஒரே டேங்கில்தான் ஊற்றினார்கள்.
எது யாருடையது என்று
என்ஜினுக்குத் தெரியாது.
படகு ததேயுசைத் தூக்கிக்கொண்டு வந்தது.
ஆஞ்சலாவின் பனியடிமையை
இன்றுவரை இல்லை.

பதினோரு மாதம் கழித்து ததேயுஸ் பணத்தோடு வந்தான்.
நூறும் ஐநூறுமாய் ரப்பர் வளையம் போட்டு,
மீன் வாடையோடு.
அடகு வைத்தவர்தான் மீட்க முடியும் என்றேன்.
"எனக்காவ வச்சதுதானே அக்கா,
நான் எடுத்தா என்ன?"
விதி அப்படி, என்றேன்.
சொல்லும்போதே
இத்தனை வருச ஜெபமும் என் வாயில்
தலைகீழாக நிற்பது தெரிந்தது.
அங்கே அடகுபோனவர் நாம்,
கையெழுத்துப் போட வருவது வேறொருவர்.

போய் அவளைக் கூட்டிவந்தான்.
செதில் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு
பிலோமி ஒப்பமிட்டாள்.
எடை போட்டுக் காட்டச் சொன்னாள்; காட்டினேன்.
இருபது கிராம். முழுசு.
சங்கிலிக் கொக்கியை மாட்டிவிட ததேயுஸ் முயன்றான்.
அவனுக்க இடதுகை நாலு விரலும்
இன்னும் நிமிர்வதில்லை.
எதையோ பிடித்தபடியே இருக்கின்றன.
அவளே மாட்டிக்கொண்டாள்.

இந்த வாரம்
மீட்கப்படாத நகைகளின் ஏலப் பட்டியல் ஒட்டினேன்.
நாற்பத்தோராவது வரி: ஆஞ்சலா, கம்மல் ஒரு ஜோடி.
கீழே, தடித்த எழுத்தில், கடைசி நாள்.
அதற்கு எந்தப் பாஷையிலும்
வேர் தேட வேண்டாம்.
கடற்காற்றில் தாள் ஓரம் எழும்பியது.
பசை காயும்வரை
நாலு விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.