ஏழு மில்லி

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டியதும்
செல்போன் என்னைக் கேரளத்துக்கு வரவேற்றது.
கல்லூரிக் கடிதத்தைப் பிரிக்காமலே
டாக்டர் ஷம்னா கேட்டது ஒரே கேள்வி:
நகம் வெட்டியிருக்கிறாயா?

மாந்தோப்புக்குள் தகரக் கூரை.
கால் மடங்கிய மயில்,
பட்டம் விட்ட நூலில் சிறகு அறுந்த ஆந்தை,
தண்டவாளத்தோரம் கிடைத்த நரிக்குட்டி.
எல்லோருக்கும் எண் உண்டு.
பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும்,
கூப்பிட்டால் வரும்,
அப்புறம் எவன் கூப்பிட்டாலும் வரும்
என்றாள் கூண்டு கழுவுகிற ரம்லத்து,
என்னைவிட இரண்டு வயது சின்னவள்,
பாதித் தமிழில், குரலே இல்லாமல்.
கூண்டுகளுக்குப் பக்கத்தில் பேசக் கூடாது.
அம்மா போன் செய்தால்
வாசல் கேட் வரை ஓடுவேன்.
சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடுவேன்.

கள்ளிறக்கும் செந்தாமராட்சன்
ஒரு அந்தியில் துண்டில் முடிந்து கொண்டுவந்தார்
மூன்று மரநாய்க் குட்டிகளை.
தாய் மின்கம்பியில் கருகிப்போச்சாம்.
கலயத்தில் வாய் வைக்கிற களவாணி,
எத்தனை ராத்திரி சபித்திருப்பேன் என்றவர்
போகாமல் நின்றார்.
படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதும்
கை துடைக்கத் துண்டைத் தேடினார்.
துண்டு எங்களிடம் இருந்தது.

41, 42, 43.
சமையல் தராசில் நூற்றைம்பது கிராம்,
நூற்று நாற்பத்திரண்டு,
நூற்று இருபத்தொன்று.
இரண்டு மணிக்கொருமுறை ஏழு மில்லி,
சின்னதுக்கு ஆறு.
ஊசி கழற்றிய சிரிஞ்சு.
குப்புறப் பிடிக்க வேண்டும், மல்லாத்தக் கூடாது.
குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால்
அடிவயிற்றை நக்கிவிட வேண்டும்.
ஆமாம், நக்க. பஞ்சுதான் நாக்கு.
இல்லாவிட்டால் மூத்திரம் போகாது.
மூன்று வருடம் படித்ததில் இது எங்கேயும் இல்லை.

அதுகளின் வாசம் வெந்த பாசுமதி.
என் விரலிடுக்கில், தலையணையில்,
குளித்த பிறகும் கூந்தலில்
யாரோ உலை இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பதினோராம் இரவு, இரண்டரை மணி.
43 அவசரப்பட்டது.
நானும் அவசரப்பட்டேன்,
தூக்கம் இமையை இழுத்தது.
மூக்கில் ஒரு வெள்ளைக் குமிழி.
விடியும்வரை அதன் மூச்சு
காகிதம் கசங்குவது போல.
ஆறு மணிக்கு யாரும் கசக்கவில்லை.

டாக்டர் திறந்து பார்த்தார்.
நுரையீரலில் பால்.
பதிவேட்டில் ‘காரணம்’ என்கிற கட்டம்
தபால் தலை அளவு.
மலையாளத்தில் இரண்டு சொல் எழுதி மூடினார்.
எனக்கு அந்த எழுத்து படிக்க வராது,
என் பெயரோ என்று பார்த்தேன்,
அத்தனை நீளம் இல்லை.
எட்டரைக்குச் சிரிஞ்சைக் கொதிநீரில் அலசி
என்னிடமே நீட்டினார்.
42 வாய் பிளந்து காத்திருந்தது.
அதற்குப் பசி.

ஞாயிற்றுக்கிழமை ரம்லத்து
வீட்டுப் பிரியாணி கொண்டுவந்தாள்.
மூடியைத் திறந்ததும் எழுந்து
கிணற்றடிக்குப் போய்விட்டேன்.
அவள் கேட்கவில்லை.
எலும்பை மட்டும் நரிக்குட்டிக்கு வைத்தாள்.

இரண்டாம் மாதம் முடிகையில்
மரக்கிளை வைத்த பெரிய கூண்டில்
என்னைக் கண்டதும் இரண்டும் சீறின.
பப்பாளித் துண்டோடு கை நீட்டினேன்.
41 கட்டைவிரலில் பல்லை இறக்கியது.
நன்னாயி என்று ஷம்னா முதல்முறையாகச் சிரித்து
எனக்குத் தடுப்பூசி போட்டார்.
கூண்டு திறக்கும் நாளில்
நான் பரீட்சை ஹாலில் இருப்பேன்.

திரும்பும்போது செல்போன்
தமிழ்நாட்டுக்கு வரவேற்றது.
பொள்ளாச்சி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்
பொட்டலம் பிரித்தார். பாசுமதி.
ஓடுகிற தென்னைகளின் கொண்டைகளை
அண்ணாந்து பார்த்தபடி வந்தேன்.
நல்ல வெயில். மணி இரண்டரை.
மடியில் இடது கை
தானாகக் குழிந்திருந்தது.