பதினோராவது படிவம்

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஜனவரியில் எம்.ஆர்.ஐ.க்கு வந்தவர்கள் நானூற்றுச் சொச்சம்;
கருத்துப் படிவம் நிரப்பியவர்கள் பதினொரு பேர்.
அந்தப் பதினொன்றை வைத்துத்தான்
எங்கள் கனிவுக்கு ஒரு சராசரி,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சுத்தமாக.

இந்த மாதம் பட்டை சிவப்பு.
டெனிஸ் அதை ஓய்வறைச் சுவரில் ஒட்டிவிட்டு
யாரையும் பார்க்காமல் காப்பி ஊற்றினாள்.
ஒரே ஓர் ஆள், எல்லாக் கேள்விக்கும் ஒன்று.
காத்திருப்பு: ஒன்று. மரியாதை: ஒன்று.
அங்கி, போர்வை, விளக்கம், உடைமாற்றும் அறை,
அடிவரை ஒன்று ஒன்று ஒன்று
அழுத்தி எழுதியதில் தாளின் முதுகு புடைத்திருந்தது.

"கீழே ஏதோ எழுதியிருக்கிறார்.
உன் மொழிதானே, படி."

பெயர் கேட்காத படிவத்தில்
பெயரும் போட்டிருந்தார்: சிவசோதி, கழுத்து.

"எல்லாவற்றிலும் நீங்கள்தான் முதலாம் பிள்ளை.
குறை சொல்ல ஏதுமில்லை.
மிஷின் தட்டித் தட்டி இடையில் சத்தம் நின்றுபோகுது.
அப்போது எல்லாரும்
வீட்டுக்குப் போய்விட்டீர்களோ என்று பயந்தேன்.
ஒரு சொல் சொல்லலாம், பிள்ளை."

பிள்ளை நான்தான்.
அந்த இடைவெளிகளில்
அடுத்த படவரிசையைத் திரையில் இழுத்து வைத்தேன்,
ஒருமுறை கொட்டாவி விட்டேன்.
இருபது வினாடி எனக்கு.
உள்ளே, கையில் ரப்பர் பந்தோடு,
அவருக்கு எத்தனை?

ஐந்துதான் மிக நன்று என்பது
படிவத்தின் தலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.
சொன்னேன். டெனிஸ் சிரித்தாள்,
பாதியில் நிறுத்தினாள்.
காலாண்டுக் கணக்கை மூடியாயிற்றாம்.
ஏப்ரல் வரை பட்டை சிவப்பாகவே தொங்கும்.

மைக் பொத்தானுக்கு மேல்
மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டினேன்:
நின்றால் பேசு.

வியாழக்கிழமை, ஒரு உக்ரேனியப் பெண்.
மூன்றாவது முறை சத்தம் ஓய்ந்ததும்
பொத்தானை அழுத்த, அவசரத்தில் வந்தது தமிழ்:
"இருக்கிறேன். இன்னும் நாலு நிமிஷம்."
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அப்பால், போர்வைக்கு வெளியே
கட்டைவிரல் ஒன்று உயர்ந்தது.

முடிந்ததும் படிவத்தை நீட்டினேன்.
வாங்கவில்லை.
பார்க்கிங் நேரம் தீரப்போகிறதாம்,
ஒற்றைக் காலில் நின்று
மற்ற பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.