மூன்றாவது துண்டு

அவினாசி ரோட்டு ஓட்டலில் ஒரு ஞாயிறு.
கம்பெனி செலவில் பயிற்சி, பன்னீர் பிரியாணி.
"சிறந்த மேலாளர்" என்று தலைப்பிட்ட தாளில்
நாற்பது கேள்விகள்.

பதினேழாவது:
பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.
எப்போதும். சில நேரம். அரிதாக.

எப்போதும் என்பதில் டிக் அடித்தேன்,
பேனாவை அழுத்தி.
பதினோரு வருசம் ஓவர்லாக்கில் குனிந்தவள்,
எனக்குத் தெரியாததா?

செவ்வாய்க்கிழமை மெட்டல் டிடெக்டர் கத்தியது.
ஆறு மாதக் குழந்தைக்கான உடுப்பு.
கழுத்து ரிப்புக்குள் ஊசி முனை,
அரிசி நொய் அளவு.
கட்டிய பெட்டியெல்லாம் பிரித்து
நாலாயிரத்து இருநூறு பீஸ்
அங்கேரிபாளையத்தில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும்
மறுபடியும் மேசைக்கு வந்தது.

லைன் நாலு. மினதி, ஒடிசாக்காரப் பொண்ணு.
"ஒடைஞ்சத ஏன் சொல்லல?"
அவள் தரையைப் பார்த்தாள்.
பக்கத்து மிசின் கோமளவல்லிதான் சொன்னாள்,
நூலைப் பல்லில் கடித்தபடி:
"போன மாசம் ஒடைஞ்சப்ப சொன்னாளுங்க்கா.
நீங்க என்ன பேசுனீங்கன்னு
உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இருந்தது.
அன்றைக்கு டார்கெட்டில் அறுபது குறைவு.
ஊசி என்ன உங்கப்பன் ஊட்டுதா என்றேன்.
மினதிக்கு அப்போது தமிழில் பத்துச் சொல் தெரியும்.

எம்.டி. ரூமில் யார் தப்பென்று கேட்டார்கள்.
லைன் நாலு, என்றேன்.
பிறகு, என்ற லைனுங்க.
பிறகு, நான்தானுங்க.
மூன்றுக்கும் நடுவில் ஏசி மட்டும் ஓடியது.

வீட்டில் அந்தத் தாளைத் தேடினேன்.
கரண்ட் பில்லோடு கிடந்தது.
பின்பக்கம் பையன் லாரி வரைந்திருந்தான்,
சக்கரம் மட்டும் பதினாலு.
டிக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு இருபது.
லைன் நாலில் ஒரு கை உயர்ந்தது.
எனக்கு நேரே பலகை: எழுபது குறைவு.
வாய் வரைக்கும் வந்ததுங்க,
பொய் சொல்லவில்லை.

காந்தத்தை எடுத்துக்கொண்டு
மேசைக்கடியில் மண்டி போட்டேன்.
பஞ்சுத் தூசி, ஒரு பட்டன்,
யாரோ தொலைத்த ஹேர்பின்.
ஊசி ஒரு துண்டு. இன்னொரு துண்டு.
மூன்றாவதை மினதி
தன் செருப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்:
"அக்கா, இருக்கு."

ஊசி நோட்டில் மூன்றையும்
டேப் போட்டு ஒட்டினோம்.
நிமிர்ந்தபோது
எழுபது நூற்றுப்பத்தாகி இருந்தது.