காற்றைப் பார்த்துத் திரும்புவது

பாளையங்கோட்டைக் கல்லூரியில்
பாடத்திட்டக் குழுவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்,
'தொழில்துறைப் பிரதிநிதி' என்று
மேசைமேல் ஓர் அட்டையை நிறுத்தி.

பணகுடிக்குத் தெற்கே
நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகளுக்கு ஆள் எடுப்பவள் நான்.
இதே கட்டடத்தின் மாடியில் இயற்பியல் படித்தவள் என்பது
அட்டையில் இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க மேடம்.
அப்படியே வச்சிருதோம்" என்றார் செல்வின் சார்.

எண்பது மீட்டர் ஏணியில் கால் நடுங்காத பிள்ளைகள்.
கியர்பெட்டி எண்ணெயை மோந்தே சந்தேகப்படும் மூக்கு.
உடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு
'கொஞ்சம் சரியில்லை' என்று எழுதாத கை.

எழுதிக்கொண்டார்கள்.
மூன்றாம் செமஸ்டரில் பாய்ம இயக்கவியல் போகிறது,
அந்த இடத்தில் காற்றாலைப் பராமரிப்பு, நான்கு கிரெடிட்.
போன வருடம் சோலார் கம்பெனிக்காக
ஒளியியலில் பாதி போயிற்று.
அதற்கு முந்தி யாருக்காகவோ வந்த டேலி
இன்னும் இருக்கிறது, நடத்த ஆளில்லாமல்.

வடை வந்தது.
யாரும் கேட்காமலே
எங்கள் எந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

காற்று வரும் பக்கம் பார்த்து
அதன் தலை திரும்பிக்கொண்டே இருக்கும்.
ஒரே பக்கமாக மூன்று முழுச் சுற்று வந்துவிட்டால்
கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கேறிப் போகும்.
அப்போது, ஆடிக்காற்றே அடித்தாலும் சரி,
இறக்கையை நிறுத்திவிட்டு
வந்த வழியே மூன்று சுற்று சுற்றி
அவிழ்த்துக்கொள்ளும்.
அதுவரை ஒரு யூனிட் கிடையாது.

"நல்ல உதாரணம்" என்றார் ஒருவர்.
குறிப்பேட்டில்
'தொழில்துறைத் தேவைகள் விவாதிக்கப்பட்டன' என்று ஏறியது.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
பயணப்படி எழுநூறு, கவரில்.

மாடிப்படியில் ஒரு பெண் மறித்தாள்.
பிரம்மசக்தி, இரண்டாம் வருடம்,
களக்காட்டிலிருந்து தினமும் முதல் பஸ்.

"ஏணி ஏறிருவேன் மேடம்.
காத்து இல்லாத மாசம் சம்பளம் உண்டுமா?"

ஐப்பசி பிறந்ததும் பாதிப் பேரிடம்
'அடுத்த சீசனுக்கு அழைக்கப்படுவீர்கள்' என்று நீட்டும் தாள்
என் கையெழுத்தில்தான் போகும்.
இரண்டரை மணி நேரம் பேசியதில்
அது எந்த யூனிட்டிலும் வரவில்லை.

"அது கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

ஐந்தேகால் பஸ்
வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
அவள் போகவில்லை.
முழு வாக்கியத்துக்காக
நின்றாள்.