தண்ணீர் நின்ற இடம்

நின்றுகொண்டேதான் குத்திக்கொள்வேன் என்றேன்.
படுத்தால் கோடு சாய்ந்துவிடும்.
ஜானெட்டா ஊசியைக் கீழே வைத்துவிட்டு
என்னை ஒருமுறை பார்த்தாள்:
ஐம்பத்தெட்டு வயது,
தபால் பை தூக்கித் தூக்கிச் சரிந்த இடது தோள்,
அம்மைத் தழும்பைத் தவிர
இதுவரை எதுவும் எழுதப்படாத தோல்.

பூ வேண்டாமா? யாராவது பெயர்?
கோடு. ஒரே கோடு.
தரையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டரில்.
அளவு நாடாவை நானே கொண்டுபோயிருந்தேன்.

செப்டம்பரில் நிசா ஆறு
என் சமையலறைக்குள் வந்து
அந்த உயரத்தில் நின்றது.
போகும்போது சுவரில் ஒரு பழுப்புக் கோடு.
காப்பீட்டுக்காரர்கள் அதைப் படம் எடுத்தார்கள்,
உலர்த்தும் இயந்திரம் இரண்டு மாதம் இரைந்தது,
பிறகு என் மகன் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து வந்து
நல்ல மனதோடு
வெள்ளை அடித்துவிட்டான்.
இனி இதைப் பார்க்காதே, அம்மா.
அன்றிரவு சுவரைத் தடவிக்கொண்டே நின்றேன்.
ஓர் ஆற்றைக் காணவில்லை என்று
எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுப்பது?

தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன.
சரிதான்.
போகவில்லையே.
கடைசி விலா எலும்பில் நின்றுவிட்டதே.
அப்போது ஒவ்வொரு விரற்கடைக்கும் கணக்கு உண்டு.

கணக்குப் பார்த்தது இருவர்.
பக்கத்து வீட்டுத் தெயோஃபில்
வேலி இருந்த இடத்தைத் தாண்டி வந்தார்,
தலைக்கு மேல் ஒரு பெட்டைக்கோழியைப் பிடித்தபடி.
ஒரு செர்ரி மரத்துக்காகப்
பதினோரு வருடம் முகம் பார்க்காதவர்.
பரண் ஏணியை ஆறு முதலிலேயே எடுத்துக்கொண்டது.
மேசை மிதந்து கதவை முட்டிக்கொண்டிருந்தது.
பீங்கான் அடுப்பின் இரு பக்கமும் நாங்கள்,
உச்சியில் கோழி.
"இன்னும் ஒரு விரல்" என்றார்.
வெகு நேரம் கழித்து நான் "அரை விரல்" என்றேன்.
மூன்றேகாலுக்கு அவர் சொன்னார்:
"நின்றுவிட்டது."

மூச்சை அடக்குங்கள் என்கிறாள் ஜானெட்டா.
மூச்சு விட்டால் கோடு ஏறி இறங்குகிறதாம்.
அன்றும் அப்படித்தான், பெண்ணே.

கடையின் தரையே சாய்வு.
வண்டி ஓட்ட மட்டும் வந்தேன் என்று
மூலையில் விலைப்பட்டியல் படித்துக்கொண்டிருந்த தெயோஃபில்
ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்
காரிலிருந்து ரசமட்டம் எடுத்து வந்தார்.
என் இடுப்புக்கு மேல் அதை வைத்து
கண்ணைச் சுருக்கி, குமிழ் நடுவில் வரும்வரை
காலுக்கடியில் அட்டை செருகச் சொன்னார்.

வலித்தது. எறும்பு என்றார்கள், எறும்பு இல்லை.
வேகமான, சின்னத் தையல் இயந்திரம்.
சேற்றுப் பழுப்பு மை, ஒரு சாண் நீளம்,
இரண்டு முனையும் மங்கி முடிகிற மாதிரி.

முடிந்ததும் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்,
யாரும் கூப்பிடாமல்.
ஜானெட்டா நாடாவை எங்கள் இருவருக்கும் குறுக்கே பிடித்தாள்.
எனக்கு விலா.
அவருக்கு பெல்ட் பக்கிள்.
தண்ணீர் ஒன்றுதான்.
"எவ்வளவு ஆகும்?" என்றார் பக்கிளைப் பார்த்தபடி.
அவள் சொன்னாள்.
"ஓய்வூதியம் வரட்டும்."

திரும்பும் வழியில் பிளாஸ்டிக் உறைக்குள்
கோடு சூடாக இருந்தது.
வேலி போட ஆள் சொல்லியிருக்கிறார்.
மரம் எந்தப் பக்கம் வரும் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
அந்தச் சண்டை
தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தது.
நனையவே இல்லை.