லக்கேஜ் டிக்கெட்

எனக்கு இரண்டு பை.
தோளில் தொங்குவது கழகம் கொடுத்தது;
சில்லறையும் ஒரு விசிலும் அதற்குள்.
சட்டைக்குள் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒட்டியிருப்பது
பெருங்குடலை எடுத்த பிறகு வந்தது.
முதல் பையை ராத்திரி டிப்போவில் ஒப்படைத்துவிடலாம்.

கும்பகோணம் மன்னார்குடி, நாளைக்கு ஆறு நடை.
பாலத்துக்குப் பாலம் ஒரு தூக்கிப்போடல்.
ஆறுகளுக்கு முறை வைத்துத் திறக்கிறார்கள்.
என் சிறுகுடலுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

சித்திரையில் ஒருநாள் நீடாமங்கலம் கேட்.
சரக்கு ரயில் வந்து நின்றது, போகவில்லை.
அகோரம் எஞ்சினை அணைத்துவிட்டு பீடிக்கு இறங்கினான்.
தட்டின் கீழோரத்தில் முதலில் அரிப்பு,
பிறகு வெதுவெதுப்பு,
பிறகு வாடை
டிக்கெட் வாங்காமல் பின்படி வரைக்கும் போனது.

“யாருய்யா அது கருவாடு?” என்றது ஜன்னலோர வேட்டி.
எல்லோரும் ஒரு கூடையைப் பார்த்தார்கள்.
கூடைக்காரி என் சட்டையைப் பார்த்தாள்.
இடுப்பருகே, உள்ளங்கை அகலத்தில், மஞ்சளாக.
“என் கூடைதான்” என்றாள்.
“பழைய சரக்கு. வண்டி கிளம்புனா காத்துல போயிரும்.”
வலங்கைமானில்தான் அந்தக் கூடைக்கு
லக்கேஜ் கிழித்திருந்தேன்.
பன்னிரண்டு ரூபாய்.

தஞ்சாவூர் மெடிக்கலில் சிஸ்டர் பெர்நதெத் கேட்டது ஒன்றுதான்:
“எப்ப அளந்தீங்க?”
ஆபரேஷன் முடிந்த வாரம், படுக்கையில். நாற்பது மில்லிமீட்டர்.
“அது வீக்கத்தோட அளவு. வீக்கம் வடிஞ்சாச்சு. இப்ப முப்பதுகூட இல்ல.”
மூன்று மாதமாக நாற்பதுக்கே வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
மிச்சத் தோல் நனைந்து நனைந்து
தக்காளி உரித்த மாதிரி இருந்தது.

“பஸ்ல எப்படி நிப்பீங்க? நில்லுங்க.
சாஞ்சு டிக்கெட் குடுங்க. இப்ப உட்காருங்க.”
உட்கார்ந்ததும் வயிற்றில் ஒரு மடிப்பு விழுந்தது,
படுத்திருக்கும்போது இல்லாதது.
குடல்வாய் அதற்குள் பதுங்கிக்கொண்டது.
வரப்பில் நண்டு வளை மாதிரி, என்றேன்.
சிஸ்டருக்கு ஊர் நாகூர்ப் பக்கம், கடற்கரை.
“நண்டுன்னா எங்களுக்குக் குழம்பு” என்றாள்.

மேசைமேல் மூன்று கம்பெனித் தட்டுகள்.
தட்டையானது மடிப்பில் தூக்கிக்கொண்டு நின்றது.
இன்னொன்று விறைப்பு, குனிந்தால் குத்தியது.
மூன்றாவது உட்பக்கம் மேடிட்டது,
மடிப்பை அமுக்கிக் குடல்வாயை வெளியே தள்ளியது.
பள்ளத்துக்கு ஒரு பசை வளையம். இடுப்புக்கு ஒரு பெல்ட்.
தோல் பையை இடது தோளுக்கு மாற்றச் சொன்னாள்.
பதினேழு வருஷப் பழக்கம்;
கை இன்னமும் வலப்பக்கம் விசிலைத் தேடுகிறது.

தட்டு நானூற்றைம்பது.
ஜெகபர் மருந்துக்கடை திருச்சியிலிருந்து வரவழைக்கிறது.
மாசத்துக்கு எட்டு என்று எழுதிவைத்த செல்லபாப்பா
ஒருநாள் கேட்டாள், “இன்னும் ஒரு நாள் ஓட்டலாமா?”
ஓட்டினேன்.
அந்த ஒரு நாளுக்குப் போர்வை துவைத்தாள்.
பிறகு கேட்கவில்லை.

இப்போது விடிகாலை நாலரை, வயிறு காலியாயிருக்கும் நேரம்.
வெறும் தண்ணீர், எண்ணெய் பட்ட கை ஆகாது.
ஒற்றித் துடைத்து, விசிறியடியில் உலரவிட்டு,
அளவைவிட இரண்டு மில்லிமீட்டர் கூட்டி வெட்டி,
அக்குளில் வைத்துச் சூடேற்றிய தட்டை ஒட்டி
உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்
ரேடியோ மேட்டூர் நீர்மட்டம் சொல்லி முடிக்கும் வரைக்கும்.
மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் காலி செய்யணும்.
மன்னார்குடி ஸ்டாண்டு கக்கூஸ்காரர்
என்னிடம் இப்போது காசு வாங்குவதில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை,
கண்ணாடியெல்லாம் ஏற்றியாச்சு.
வலங்கைமானில் கூடையோடு அவள் ஏறினாள்.
என் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.
“தேவலையா?”
“ஒட்டிக்கிச்சு” என்றேன்.
கூடையைப் பார்க்காத மாதிரி நகரப் பார்த்தேன்.
“செக்கிங் ஏறுவான்” என்று
நோட்டை என் கையில் திணித்தாள்.
“கூடைக்கும் சேர்த்துக் கிழி.”

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
அகோரம் எஞ்சினை அணைத்தான்.
ஜன்னலோரத்தில் ஒருவர் மூக்கைப் பொத்தினார்.
நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன்.
கருவாடு.
கருவாடு மட்டும்தான்.