பூச்சி வகைச் சேதம்

மே மாதம், சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி.
இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
என் திரையில் பனி.
பதினெட்டுச் சக்கர லாரியில் மரக்கட்டை ஏற்றி
பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு மலையை
ஏறிக்கொண்டிருந்தேன்.
கிராபிக்ஸ் கார்டு எண்பத்தேழு டிகிரி.
விசிறிகள் மூன்றும்
காட்பாடி மேம்பாலத்தில் முக்கும் டவுன் பஸ்.

அப்புறம் ஒரு ‘டப்’.
பனி போனது. லாரி போனது.
கருகல் வாசனை. பிளாஸ்டிக் இல்லை.
பிளாஸ்டிக் கருகினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள
நிறையச் செலவழித்திருக்கிறேன்.

இந்தப் பெட்டியில் எதுவும் ஒரே நாளில் வந்ததில்லை.
கேபினெட், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியின் முதல் போனஸ்.
பிராசசர், சீட்டு எடுத்த மாதம்.
கார்டை ரிச்சி தெருவில் பேரம் பேசி
ஏலகிரி எக்ஸ்பிரசில் மடியில் வைத்து வந்தேன்.
வாலாஜா தாண்டும்போது எதிர் சீட்டு அம்மா
‘கேக்கா?’ என்றார்.
‘ஆமாம்’ என்றேன்.

தமிழுக்கு மூன்றை அழுத்தினேன்.
நாற்பது நிமிடம் ஒரே புல்லாங்குழல்.
பிறகு நோயல்.
‘சொல்லுங்க சார்.’
என் குரலைக் கேட்டும் சார்தான்.
பூங்காவனம் என்ற பெயருக்கு முன்னால்
அவர்கள் கணினி ‘திரு’ ஒட்டியிருக்கிறது.
எங்கள் பக்கம் அந்தப் பெயரில்
ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.
விளக்கப்போனால் மறுபடி புல்லாங்குழல் வரும்.

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சார்?’
‘வேற பிளக்ல சார்?’
‘ரூம் டெம்பரேச்சர் முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும் சார்.’
நோயல், இது வேலூர்.
இங்கே கோட்டை அகழிக்கே வியர்க்கும்.

பவர் சப்ளையைக் கழற்றி அனுப்பினேன்.
பன்னிரண்டாம் நாள் பதில்:
‘உள்ளே பல்லி. பூச்சி வகைச் சேதம்.
வாரண்டியில் அடங்காது. புகார் முடிக்கப்பட்டது.’
படமும் இணைத்திருந்தார்கள்.
இரண்டு முனைகளிலும் கால் வைத்து,
கடைசிவரை பிடியை விடாமல்.

பல்லி பூச்சியில்லை.
பூச்சியைத் தின்பது.
மூன்று மெயிலில் இதையே எழுதினேன்.
வாரண்டித் தாள் பதினான்கு பக்கமும் படித்தேன்.
வெள்ளம், இடி, கலவரம், போர், எலி, எறும்பு.
ஊர்வன பற்றி ஒரு சொல் இல்லை.

மறுபடி நோயல்தான் மாட்டினார்.
‘தலையில விழுந்தா கலகம், வலது தோள்ல விழுந்தா வெற்றி,
பஞ்சாங்கத்துல எல்லா உறுப்புக்கும் பலன் போட்டிருக்கு.
பவர் சப்ளைல விழுந்தா என்ன நோயல்?’

மனப்பாடம் தீர்ந்துபோன அமைதி.
பிறகு சன்னமாக,
பக்கத்து நாற்காலிக்குக் கேட்காத குரலில்:
‘காஞ்சிபுரம் உங்களுக்குப் பக்கம்தானே மேடம்.
தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்துடுங்க.’

மேடம்.
பன்னிரண்டு நாளில் நான் வென்ற ஒரே வழக்கு.

சம்பளம் வந்தது. புதிது வாங்கினேன், வேறு கம்பெனி.
கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால்
காலி டிரைவ் அறையின் மூலையில்
இரண்டு முட்டை.
சீரக மிட்டாயைவிடக் கொஞ்சம் பெரிது.
ஸ்க்ரூடிரைவர் பட்டால் போச்சு.

வெளிச்சம் வராத இடம். எறும்பு ஏறாத இடம்.
ராத்திரி முழுக்க ஒரே சூடு.
மூன்று வருடமாக பேஸ்ட் மாற்றி, விசிறி மாற்றி
நான் விரட்டப் பார்த்த அந்தச் சூட்டை
நம்பி வந்திருக்கிறது.

வயர்களை மறுபக்கமாகச் சுற்றிக் கட்டினேன்.
முன் விசிறியை ஒரு படி குறைத்தேன்.
சத்தத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு போன், பதிவுசெய்த குரல்:
‘எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை...’
கம்பெனிக்கா நோயலுக்கா என்று அது சொல்லவில்லை.
டியூப்லைட் பக்கம் ஒரு பல்லி சொன்னது.
எந்தத் திசையென்று பார்க்காமல்
ஐந்தை அழுத்தினேன்.

லாரி நின்ற இடத்திலேயே நின்றது,
மரக்கட்டை மேல் பனி ஏறி.
கியர் போட்டேன்.
தொண்ணூற்றொன்று.
பரவாயில்லை, ஓடட்டும்.